கறுத்தக்கா வந்த சூரன்போர்

இராசலிங்கம் வருடத்துக்கு ஒருதரம் சாவார். மிச்ச நாட்களில் ஜெர்மனியின் எசன் நகரத்தில் ஓர் உறைநிலைக் களஞ்சியத்தில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுவார்.

சாவது கந்தசஷ்டியின் ஆறாம் நாள். நகரின் வடக்குப் பக்கத்தில், ஒருகாலத்தில் கட்டிலும் அலுமாரியும் விற்ற பெரிய கொட்டகை ஒன்று இப்போது முருகன் கோயில். அதன் பின்பக்கத்து வாகனத் தரிப்பிடத்தில்தான் சூரன்போர் நடக்கும். யாழ்ப்பாணத்தில் செய்து கப்பலில் வந்த மரச்சூரன். ஆளைவிட உயரம், கோரைப்பல், உருட்டிய கண். அவனை இரண்டு நீளக் கொம்புத் தடிகளில் ஏற்றிப் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் தோளில் காவுவார்கள். அதில் வலது பக்க முன்கொம்பு இராசலிங்கத்தினுடையது. இருபது வருடத்துக்கு மேலாக வேறு தோள் அதில் பட்டதில்லை. முன்கொம்புக்காரன் திரும்பினால் சூரன் திரும்புவான், அவன் பாய்ந்தால் சூரன் பாய்வான். ஆகவே சூரன் என்றால் அது இராசலிங்கம்தான் என்று சனத்துக்குள் ஒரு கதை இருந்தது. அந்தக் கதையை முதலில் சொன்னவரும் இராசலிங்கம்தான்.

போர் என்றால் மூச்சு முகத்தில் படுகிற போர். சூரன் ஓடிவந்து முருகனின் கடா வாகனத்துக்கு முன்னால் நின்று தலையை ஆட்டுவான். முருகன் பக்கத்துக் கொம்புக்காரரும் சூரன் பக்கத்துக் கொம்புக்காரரும் நெஞ்சுக்கு நெஞ்சு முட்டி நின்று வாய் கொடுப்பார்கள்.

“என்ன லிங்கண்ணை, மூச்சு வாங்குது? அடுத்த வருசம் சூரனுக்குச் சில்லுப் பூட்டுவமோ?”

“முருகனுக்கு வேல் இருக்கு. உனக்கு என்னடா இருக்கு?”

சூரனுக்கு மாட்டிய யானைத் தலை போகும், சிங்கத் தலை போகும், கடைசியில் மாங்கொப்பு கட்டிய சூரன் வருவான். ஐயர் வேலைக் கொண்டுவந்து சூரனின் கழுத்தில் தொடுவார். ஆணி கழலும், தலை போகும். அந்தக் கணத்தில் இராசலிங்கம் கண்ணை மூடி, கொம்போடு முழங்காலில் விழுவார். ஆறு நாள் விரதம் இருந்த பெண்கள் அதைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். பிறகு ஒரு கிழமைக்கு எங்கே போனாலும் அதே கதை. இராசலிங்கம் அதைக் கேட்டு வெட்கப்படுவது போல ஒரு முகம் வைத்திருந்தார். மீசைக்கு மை பூசி, வீட்டுக் கண்ணாடியில் பழகிய முகம்.

“சூரன், குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டிட்டு வாங்கோ,” என்பார் அவர் மனைவி மகாதேவி. அந்த வீட்டில் சூரனுக்கு அவ்வளவுதான் மரியாதை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த சாவுக்குத்தான் சுந்தரராஜன் வந்து குறுக்கே நின்றார்.

சுந்தரராஜன் கோயில் நிர்வாகத் தலைவர். கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். கரை வைத்த சால்வை இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை. பல்வைத்தியரிடம்கூட அதோடுதான் போனார் என்று கேள்வி. புரட்டாதி மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று சால்வையைச் சரி செய்தார். சால்வை சரியாகத்தான் இருந்தது.

“ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு ஆயிரக்கணக்கில சனம் வருது. எங்கட சூரன்போருக்கு வாற சனத்தைவிட எங்கட சப்பாத்துத் தட்டுப் பெரிசு. ஏன்? பிரமாண்டம் காணாது. அதால இந்த முறை வேல் ஓங்கிற நேரம் பீரங்கி வெடிக்கும்.”

யாரோ இருமினார்கள்.

“பீரங்கி எண்டா… பீரங்கியோ அண்ணை?”

“பீரங்கிதான். ஐரோப்பாவில முந்தி நடந்த முப்பதாண்டுப் போர்க் காலத்துச் சாமானின்ர நகல். இஞ்சத்தைய வெடிக்குழு ஒண்டு வைச்சிருக்கு. கல்யாணம், ஊர்த் திருவிழா எல்லாத்துக்கும் வந்து வெடிக்கிறவை. குண்டு இல்லை, மருந்தும் கடதாசி அடைப்பும்தான். அனுமதி கேட்டு நகரசபைக்கு அன்ட்றாக் போட்டாச்சு, வெடிக்கிற நாளுக்கு ரெர்மினும் எடுத்தாச்சு.”

“சூரனை வேலாலதான் கொல்லவேணும்,” என்றார் இராசலிங்கம்.

“வேலாலதான் கொல்லுறம், லிங்கம். வேல் ஓங்கும். சத்தம் கேட்கும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்று சொல்லி உள்ளே வந்த எதுவும் அவ்வளவோடு நின்றதில்லை. ஆனால் கூட்டத்தில் கைகள் உயர்ந்தன. உயராத ஒரே கை இராசலிங்கத்தினுடையது. அதையும் சுந்தரராஜன் பார்க்கவில்லை.

ஒத்திகைக்கு ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை பீரங்கி வந்தது. குதிரை ஏற்றும் இழுவைப் பெட்டியில், தார்ப்பாய் போர்த்தி, ஒரு நோயாளியைப் போலக் கொண்டுவந்தார்கள். தார்ப்பாயை எடுத்தபோது கோயில் கூரையில் இருந்த காகங்கள் எழும்பிப் போயின. சத்தம் ஒன்றும் இல்லாமலே போயின. அதைக் கவனித்தவர் மகாதேவி மட்டும்.

கறுத்த இரும்பு. இடுப்பளவு உயரச் சில்லுகள். ஒரு பூசணிக்காய் உள்ளே போகிற வாய். குழுவின் தலைவி நடாலி. பகலில் வரி அலுவலகத்தில் வேலை செய்பவள், நாற்பது வயது இருக்கும், கைகள் தும்புத்தடி மாதிரி மெல்லியவை. பீரங்கிக்குத் தங்கள் வழக்கப்படி ஒரு பெண்பெயர் வைத்திருப்பதாகச் சொன்னாள்: கறுத்த காத்தெ.

“கறுத்தக்கா,” என்றான் கஜரூபன். இராசலிங்கத்தின் தங்கை மகன், இங்கே பிறந்து வளர்ந்தவன், சூரனின் பின்கொம்பு. அந்தப் பெயரே நிலைத்தது.

நடாலி வெடிக்க முன்னர் ஒரு கயிற்றை எடுத்தாள். தரிப்பிடத்தின் குறுக்கே கட்டினாள். பிறகு இன்னொரு கயிறு. பிறகு வெள்ளைச் சுண்ணத்தால் ஒரு கோடு. முருகன் பீரங்கிக்குப் பின்னால். சனம் பக்கக் கயிற்றுக்கு அப்பால். சூரன் எதிர்க்கோடியில், வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம். நடுவில் வெறும் தார்நிலம், ஒருவரும் வரக்கூடாது.

“அப்ப நாங்கள் கிட்ட வாறது எப்பிடி?” என்றார் இராசலிங்கம். அவருடைய ஜெர்மன் களஞ்சியத்து ஜெர்மன். குறுகியது, ஆனால் பாரம் தூக்கும்.

“வரமாட்டீர்கள், ஹெர் லிங்கம்,” என்றாள் நடாலி. “அதுதானே இதன் பயன்.”

“வேல் கழுத்தில தொடவேணும்.”

சுந்தரராஜன் நடுவில் வந்தார். அதையும் யோசித்து வைத்திருந்தார். சூரனின் கழுத்து ஆணியில் நைலோன் நூல் ஒன்று கட்டப்படும். நூலின் மறுமுனை முன்கொம்புக்காரன் கையில். சத்தம் கேட்டதும் இழுப்பது. தலை விழும்.

இராசலிங்கத்துக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“என்ர தலையை நானே கழட்டிறதோ?”

“உம்மட தலையில்லை, லிங்கம். சூரன்ர.”

அதில் என்ன வித்தியாசம் என்று இராசலிங்கத்துக்குத் தெரியவில்லை.

பிறகு வெடித்தார்கள். நடாலி மருந்துப் பொட்டலத்தை உள்ளே விட்டு, நீளத் தடியால் இடித்து, பின்பக்கத்துச் சிறு துளையில் தூள் தூவினாள். தடியின் நுனியில் திரி மெல்லப் புகைந்தது. ஈரச் சாக்கும் சாம்பலும் கலந்த மணம். அவள் கையை உயர்த்தினாள்.

சத்தம் காதால் வரவில்லை, காலால் வந்தது. கொட்டகையின் சமையலறைச் சன்னல் ஒன்று மூலையிலிருந்து மூலைக்கு வெடித்தது. புகை விலகியபோது ஒரு விசித்திரமான காட்சி. முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள் எல்லாரும் கைத்தொலைபேசியை நீட்டியபடி நின்றார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட அத்தனை பேரும் தார்நிலத்தில் குப்புறக் கிடந்தார்கள். அவர்களைப் படுக்கும்படி யாரும் சொல்லவில்லை. உடம்புக்குத் தானாகவே ஊரின் ஞாபகம் வந்தது. கரை வைத்த சால்வையும் நிலத்தில் கிடந்தது, உள்ளே ஆளோடு.

“சப்பாத்து நூல் கட்டினனான்,” என்று எழும்பினார் சுந்தரராஜன். அவர் போட்டிருந்தது நூல் இல்லாத சப்பாத்து.

இராசலிங்கத்தை முதலில் காணவில்லை. அவர் சூரனின் பீடத்துக்கு அடியில், சூரனின் இரண்டு மரக்கால்களுக்கு நடுவில் இருந்தார். யாரும் பார்க்க முன்னர் வெளியே வந்துவிட்டதாக நினைத்தார். கயிற்றுக்கு அப்பால் மகாதேவி எழும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

சாமான் கட்டும்போது இராசலிங்கம் நடாலியிடம் போனார். பீரங்கியின் வாயைச் சுற்றித்தான் போனார்.

“இதுக்கு எவ்வளவு காலம் பழகினீங்கள்?”

“சில வாரப் பயிற்சி, ஒரு பரீட்சை.”

“நான் இருபது வருசத்துக்கு மேல சூரன் காவுறன்.”

நடாலி இரும்பைத் துடைத்தபடி சிரித்தாள். “அந்தக் காலத்திலும் இதே கோபம்தான். பிரபு வீட்டுப் பிள்ளை ஏழு வயதில் குதிரை ஏறி, இருபது வருடம் வாள் பழகி, ஆளளவு இரும்பில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வருவான். எதிரில் ஒரு செருப்புத் தைக்கிறவன். மூன்று கிழமைக்கு முன்னர்தான் துப்பாக்கி பிடிக்கப் பழகினவன். பிரபுவின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. டப்.”

“பேந்து?”

“பிறகு பிரபுக்கள் துப்பாக்கிக்காரன் பிடிபட்டால் மன்னிப்பில்லை என்றார்கள். கோழைகளின் ஆயுதம் என்று திட்டினார்கள். திட்டிக்கொண்டே தாங்களும் பீரங்கி வாங்கினார்கள். போரில் வீரம் தேவைப்படாமல் போயிற்று, ஹெர் லிங்கம். வரிசை போதும். நில் என்றால் நிற்கிற, பக்கத்தில் நிற்கிறவன் விழுந்தாலும் அந்த இடத்துக்குப் போகிற ஆட்கள் போதும்.”

“ஒருத்தரும் நேர பாஞ்சு பார்க்கேல்லையோ? திரி வைக்க முதல்?”

“பாய்ந்தார்கள். குதிரையோடு, நேராக, பல தடவை.” துடைப்பதை நிறுத்தினாள். “பல தடவை என்பதுதான் பிரச்சினை. முதல் தடவை பாய்ந்தவர்கள் திரும்பி வந்து மற்றவர்களுக்குச் சொல்லவில்லை.”

இந்தக் கதையில் இரண்டு பாதி இருந்தது. இராசலிங்கம் முதல் பாதியை வீட்டுக்குக் கொண்டுபோனார். பாய்ந்தார்கள், அவ்வளவு போதும்.

திட்டம் எளியது. ஐயர் வேலை ஓங்கியதும் நடாலி திரி வைப்பாள். அதற்குச் சற்று முன்னர், கடைசி மாங்கொப்போடு சூரன் வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் பாயவேண்டும். ஆட்கள் கிட்ட நிற்கும்போது அவள் வெடிக்கமாட்டாள், சட்டம் விடாது. பீரங்கி வாயடைத்துப் போகும், சூரன் ஐயருக்கு முன்னால் போய் நிற்பான், வேல் கழுத்தில் தொடும், இராசலிங்கம் தான் சாகவேண்டிய விதத்தில் சாவார்.

கொம்புக்காரரைத் தேநீருக்குக் கூப்பிட்டுச் சொன்னார். மகாதேவி வடை போட்டார். கதை கேட்டபோது வடையின் உப்பை மறந்தார்.

“நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து பாஞ்சால் எந்தப் பீரங்கி நிக்கும்? என்ன சொல்லுறியள்?”

“ஓம் அண்ணை,” என்றார்கள்.

யாழ்ப்பாணத்து ஓம் பல வகை. சரி என்கிற ஓம் உண்டு. வடை முடியட்டும் என்கிற ஓமும் உண்டு. இருபது வருடம் முன்னால் நின்ற மனிதருக்குப் பின்னால் நிற்பவர்களின் முகம் பார்க்கும் பழக்கம் இல்லை.

கஜரூபன் மட்டும் ஓம் சொல்லவில்லை. “மாமா, வெறும் கடதாசி எண்டு நினையாதேங்கோ. கிட்ட நிண்டா அந்தக் கடதாசியே நெஞ்சுக்குள்ளால போகும். பாதுகாப்பு விளக்கத்தில சொன்னவ.”

“உன்னை ஆர் நெஞ்சைக் குடுக்கச் சொன்னது? முன்னுக்கு நிக்கிறது நான்.”

“அதுதான் மாமா சொல்லுறன்.”

சமையலறையிலிருந்து மகாதேவியின் குரல் வந்தது. “அவர் அண்டைக்குச் சூரன்ர காலுக்குள்ள பூந்தவர். அதை மறைக்கத்தான் இப்ப வெளிக்கிடுறார். விடு, தம்பி. நீ சொல்லி நிக்கிற வியாதியில்லை.”

ஒருவர் வடையைப் பாதியில் வைத்தார்.

சஷ்டியின் ஆறாம் நாள் விடியவே விடியாதது போல இருந்தது. கால்வாய்ப் பக்கமிருந்து ஈரப் பனிப்புகார் வந்து தரிப்பிடத்தில் படுத்துக்கொண்டது. சுந்தரராஜன் எதிர்பார்த்த சனம் வந்தது. அதற்கு மேலும் வந்தது. டோட்முண்டிலிருந்து, கொலோனிலிருந்து, பிராங்பேர்ட்டிலிருந்துகூட ஒரு வான் நிறைய. சூரன்போர் பார்க்க வந்தீர்களா என்று கேட்டால், வெடி பார்க்க வந்தோம் என்றார்கள். காதடைப்பான் விற்பதற்கு ஒரு மேசை போட்டிருந்தார்கள். சுந்தரராஜன் ஒலிவாங்கியில் வரவேற்புரை செய்தார். பீரங்கிக்கு உள்ளது போலப் பாதுகாப்புக் கட்டுப்பாடு ஒன்று ஒலிவாங்கிக்கும் தேவை என்று அன்று பலருக்குத் தோன்றியது.

யானைத் தலை நூலில் போனது. சிங்கத் தலை நூலில் போனது. ஒவ்வொரு தலைக்கும் ஒரு வெடி. சூரன் வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இங்குமங்கும் ஆடினான். ஆனால் யாரைப் பார்த்து ஆடுவது? எதிரி எங்கோ புகைக்குள் இருந்தான். வாய் கொடுக்க ஆளில்லை. இராசலிங்கம் ஒருதரம் பழக்க தோசத்தில், “வாடா முருகன்ர ஆக்களே!” என்று கத்தினார். அந்தத் தூரத்துக்கு அது ஓர் இருமல் மாதிரித்தான் போய்ச் சேர்ந்தது. சனம் சூரனைப் பார்க்கவில்லை. எல்லாத் தொலைபேசிகளும் கறுத்தக்காவின் வாயை நோக்கியிருந்தன. தாயின் தோளில் இருந்த குழந்தைகள்கூட அழவில்லை, திரும்பத் திரும்ப அந்த இரும்பையே பார்த்தன.

நடாலியின் திரி புகைந்தது. ஈரம் கூடிக்கொண்டு வந்தது. அவள் தூளை ஒருதரம் மாற்றியதை, இன்னொருதரம் மாற்றியதை இராசலிங்கம் தூரத்திலிருந்து கண்டார். அது நல்ல சகுனம் என்று நினைத்தார்.

கடைசித் தலை ஏறியது. மாங்கொப்பைக் கட்டினார்கள். ஐயர் வேலை எடுத்தார்.

“இப்ப!” என்றார் இராசலிங்கம்.

சூரன் பாய்ந்தான். முதல் சில அடிகள் அழகாகத்தான் இருந்தன. மாவிலைகள் சலசலத்தன, கொம்பு தோளில் துள்ளியது, சனத்துக்குள்ளிருந்து ஓர் “ஓ” எழுந்தது, வெள்ளைக் கோடு காலுக்கடியில் போனது. அந்த “ஓ” இராசலிங்கத்தின் நெஞ்சுக்குள் இனிப்பாக இறங்கியது. புகாருக்குள் கறுத்தக்காவின் வாய் ஒரு பொட்டு மாதிரித் தெரிந்தது. பிறகு தட்டளவு தெரிந்தது.

அந்த நேரம்தான் கொம்பு பாரமானது.

முதலில் இடது பக்கம். பிறகு பின்பக்கம். யாரும் கத்தவில்லை, யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை; தோள்கள் ஒவ்வொன்றாக அடியிலிருந்து கழன்றன. கஜரூபன் மட்டும் “மாமா, விடுங்கோ!” என்று கத்திவிட்டுக் கொம்பை விட்டான். பீடத்தின் பின்பக்கம் தார்நிலத்தில் உரசி நின்றது. சூரன் சரிந்து, முன்கொம்பு ஒன்றில் மட்டும் தொங்கினான். அந்தக் கொம்புக்கடியில் இராசலிங்கம். எதிரே, சில எட்டுத் தூரத்தில், இரும்பு வாய்.

வாய்க்குப் பின்னால் நடாலி ஏற்கெனவே திரியை வைத்திருந்தாள். ஐயர் வேலை ஓங்கிவிட்டார். அவள் துளையைப் பார்த்தாளே தவிர எதிர்ப்பக்கம் பார்க்கவில்லை. துளையில் தூள் சீறி எரிந்தது. வெள்ளைப் புகை ஒரு விரலளவு எழுந்தது.

வெடிக்கவில்லை.

நடாலி நிமிர்ந்தாள். முதல் தடவையாக அவளுடைய முகத்தில் நிறம் இல்லாமல் போனதைச் சனம் கண்டது. இரண்டு கையையும் விரித்து எல்லாரையும் பின்னால் தள்ளுவது போலக் காட்டினாள். “ஒருவரும் அசையவேண்டாம்! ஹெர் லிங்கம், அது இன்னும் வெடிக்கலாம். உள்ளே எரிந்துகொண்டிருக்கலாம். வாய்க்கு நேராக நிற்காதீர்கள். பக்கமாக வாருங்கள்!”

ஒலிவாங்கி மட்டும் இரைந்தது. இராசலிங்கம் கறுத்தக்காவின் வாய்க்குள் பார்த்தார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அந்த ஒன்றுமில்லாதது அவரைப் பார்த்தது போல இருந்தது. பெயர் கேட்கவில்லை, இருபது வருடம் கேட்கவில்லை, மீசை மை கேட்கவில்லை.

அவர் அசையாமல் நின்றார். வீரம் என்று சனம் நினைத்தது. முழங்கால்கள் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் அதோடு இன்னொன்றும் இருந்தது. கொம்பை விட்டால் சூரன் முகம் குப்புற விழுவான், வேல் தொடாமல், வெடி கேட்காமல், தன்னை விட்டுவிட்டு ஓடின ஆளால் சாவான். அப்படி ஒரு சாவு புராணத்தில் இல்லை.

பக்கக் கயிற்றுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. ஆறு நாள் பால் மட்டும் குடித்த குரல். வழக்கமாகக் குப்பை போடச் சொல்லும் குரல்தான், ஆனால் அடியில் ஏதோ கிழிந்திருந்தது.

“இஞ்சேருங்கோ! அந்தக் கட்டையை விட்டுட்டு வாங்கோ! எனக்கு நீங்கள் சூரனாச் சாகத் தேவையில்லை!”

இராசலிங்கம் கொம்பை விட்டார்.

பக்கமாக இரண்டு எட்டு வைத்திருப்பார். பின்னால் மரம் தார்நிலத்தில் மோதிற்று. தலை கழன்று பீரங்கியைத் தாண்டி ஐயரின் காலடிக்கு உருண்டது. ஐயர் வேலோடு ஒரு அடி பின்வாங்கினார். சூரன் அப்படித்தான் செத்தான். ஒருவர் வாயிலிருந்தும் அரோகரா வரவில்லை. எது முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போது கறுத்தக்கா வெடித்தாள்.

தன் நேரத்துக்கு, தன் விருப்பத்துக்கு, யாருடைய கையுமில்லாமல். எரியும் கடதாசி அடைப்பு ஒரு சிவப்புக் கோடாகப் போய்ச் சூரனின் தலையில்லாத தோளில் அடித்தது. மரம் தெறித்தது. மாங்கொப்பு ஒரே மூச்சில் பற்றியது. இராசலிங்கத்தின் வலது காதுக்குள் ஒரு கதவு அடித்துச் சாத்தப்பட்டது. அவர் நிலத்தில் கிடந்தார். நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் எல்லாரும் கிடந்தார்கள். இந்த முறை முப்பதுக்கு உட்பட்டவர்களிலும் சிலர் கிடந்தார்கள், தொலைபேசி பிடித்த கை மட்டும் மேலே.

சனம் தரிப்பிடம் பிளக்கக் கத்தியது.

“அரோகரா!”

சுந்தரராஜன் எழும்பிச் சால்வையை உதறினார். ஒலிவாங்கி அவர் கையில் தானாக வந்து சேர்ந்தது. “பெருமதிப்புக்குரிய அடியார்களே, இந்த வருட விசேட நிகழ்வாக, நிர்வாக சபையினால் திட்டமிடப்பட்ட…”

நடாலி பீரங்கித் துளைக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கூட இருந்தவர்கள் தார்ப்பாயை விரித்தார்கள். பிறகு அவள் இராசலிங்கத்திடம் வந்து அவர் தோளைத் தொட்டு, நீங்கள் வந்ததை நான் பார்க்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவருக்குப் பாதிதான் கேட்டது. “இனி இங்கே வரமாட்டேன்,” என்றது மட்டும் நல்ல காதில் விழுந்தது.

அடுத்த ஞாயிறு கூட்டம். இராசலிங்கம் தண்டனை எதிர்பார்த்துப் போனார். கோட்டைத் தாண்டினவர், சூரனைப் போட்டு உடைத்தவர். முன்கொம்பை இனி வேறு தோளுக்குக் கொடுப்பார்கள் என்று மீசைக்கு மை பூசாமல் போனார். அவர் உள்ளே வந்ததும் எல்லாரும் எழும்பினார்கள். கைதட்டினார்கள். பழைய கொம்புக்காரரும் தட்டினார்கள், கண்ணைப் பார்க்காமல்.

சுவரில் அந்தக் காணொளி பெரிதாக ஓடியது. கனடாவில் பார்த்திருக்கிறார்கள், லண்டனில் பார்த்திருக்கிறார்கள். புகாருக்குள் ஒரு மனிதன். தோளில் தன்னந்தனியாக ஒரு அசுரன். எதிரில் பீரங்கி. மனிதன் அசையவில்லை. அசையவேயில்லை. பிறகு ஒரு எட்டு, இரண்டு எட்டு. தீ.

இராசலிங்கம் அந்த மனிதனை வாய் திறந்து பார்த்தார். யாரிது, இவ்வளவு பெரிய ஆள்? முழங்கால்கள் பூட்டிக்கொண்டது படத்தில் தெரியவில்லை. மகாதேவியின் குரலும் இல்லை; அதற்கு மேல் யாரோ நாதஸ்வரம் போட்டிருந்தார்கள்.

“ஊன்ட்றொப்பில இருந்து போன் எடுத்துக் கேட்டவை,” என்றார் சுந்தரராஜன். கேட்டார்களோ இல்லையோ, அவர் சால்வை கேட்டதாகச் சொன்னது. “அடுத்த வருசமும் இதேதான். சூரனுக்குச் சில்லுப் பூட்டுறம், ஆக்கள் தேவையில்லை. முன்கொம்பு மட்டும் உமக்கு, லிங்கம். தனிய நிக்கிறீர். கடைசி நேரத்தில பக்கமாப் பாயுறீர்.”

“அந்த மனுசி வரமாட்டன் எண்டவ,” என்றான் கஜரூபன். “அது திட்டமிட்டது இல்லை. அது பிழைச்சது.”

“வேற ஆள் பிடிச்சாச்சு, தம்பி. அவரிட்ட இருக்கிறது கறுத்தக்காவைவிடப் பெரிசு. கயிறு, கோடு எண்டு கரைச்சல் தராத மனுசன்.” தலைவர் குரலைத் தாழ்த்தினார். “அன்ட்றாக்கும் தேவையில்லையாம்.”

எல்லாரும் இராசலிங்கத்தைப் பார்த்தார்கள். சுவரில் காணொளி மறுபடி முதலிலிருந்து ஓடியது.

“என்ன லிங்கம், சரிதானே?”

“ஓம்,” என்றார் இராசலிங்கம். அது சரி என்கிற ஓம்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் குளியலறைக்குப் போனார். கண்ணாடிக்கு முன்னால் தோளைச் சரித்து, இல்லாத கொம்பைத் தாங்கி, கண்ணை இமைக்காமல் நின்று பார்த்தார். பிறகு பக்கமாக ஒரு எட்டு. கொஞ்சம் பிந்திப் பாய்ந்தால் இன்னும் நல்லாயிருக்கும் என்று தோன்றியது. மறுபடி நின்றார். இன்னும் கொஞ்சம் பிந்தினார்.

மகாதேவி கதவடியில் வந்து நின்று ஏதோ சொன்னார். முதலில் மெல்ல, பிறகு பலமாக, பிறகு கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு.

அவர் நின்றது இராசலிங்கத்தின் வலது பக்கம். அந்தக் காதுக்குள் கறுத்தக்கா இன்னும் வாய் மூடவில்லை.